தோண்ட முடியாத ஊர்கள்

உலகின் மிகப் பழைய நகரம் எது என்று கேட்டால் முதலில் வரும் பெயர் ஜெரிகோ. பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், கடல் மட்டத்தைவிட 250 மீட்டருக்கு மேல் தாழ்ந்த பள்ளத்தில் இருக்கிறது. வற்றாத ஊற்று ஒன்றுதான் அந்த ஊருக்கு உயிர். 1950களில் அதன் பழைய மேட்டைத் தோண்டிய தொல்லியலாளர் கேத்லீன் கென்யன், எட்டரை மீட்டர் உயரக் கற்கோபுரத்தைக் கண்டெடுத்தார். உள்ளே 22 படிகள். வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள். அந்தப் பகுதி மக்கள் மண்பானை வனையத் தொடங்குவதற்கும் முந்தைய காலம் அது!

வியக்கத்தான் வேண்டும். ஆனால் அதை நகரம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பெருந்திரளான மக்கள், உழவு செய்யாத கைவினைஞர்கள், வரி, எழுத்து, தொலைதூர வணிகம் என நகரத்துக்குப் பத்து அடையாளங்களை 1950இல் வகுத்தார் கோர்டன் சைல்ட். கற்கால ஜெரிகோவில் இவற்றில் பல இல்லை. ஈராக்கின் உரூக்கில் உண்டு, கி.மு. 3200 வாக்கிலேயே அங்கே களிமண் பலகைகளில் கணக்கு எழுதினார்கள். ஆனால் உரூக் இன்று ஆளில்லாத மேடு. ஜெரிகோ மேடும் இடையிடையே கைவிடப்பட்டதுதான்.

இடைவிடாமல் மக்கள் வாழும் நகரங்களின் சிக்கல் வேறு. டமாஸ்கஸுக்குச் சொல்லப்படும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கிற்கான சான்றுகள் பெரும்பாலும் நகருக்கு வெளியே உள்ள மேடுகளில் கிடைத்தவை. நகருக்குள்ளே? ஹதாத் என்ற பழைய கடவுளின் கோயில் இருந்த இடத்தில் ரோமானியரின் ஜூபிடர் கோயில், பிறகு தேவாலயம், 8ஆம் நூற்றாண்டு முதல் உமையா பள்ளிவாசல். தொழுகை நடக்கும் இடத்தில் யார் கடப்பாரை போடுவது? பாழடைந்த ஊர் தன் வயதை எளிதில் காட்டிவிடுகிறது. வாழும் ஊர் தன் சான்றுகளின் மேலேயே குடியிருக்கிறது. இதை எண்ணாமல் போடும் தரவரிசைப் பட்டியல்களை நான் நம்புவதில்லை.

என் வாக்கு அலெப்போவுக்கு. அங்கே கோட்டைக் குன்றின் மேல் தோண்ட இடம் இருந்தது. 1996இல் தொடங்கிய அகழாய்வில், கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டிலேயே எழுந்த புயல் கடவுளின் கோயில் வெளிப்பட்டது. அதே காலத்து எப்லா நகரக் களிமண் பலகைகளும் அந்தக் கடவுளை அலெப்போவின் பெயரோடு சேர்த்தே குறிக்கின்றன. மண்ணும் எழுத்தும் ஒரே சாட்சியம் சொல்வது அரிது.

2012இல் சிரிய உள்நாட்டுப் போர் அந்நகரின் பழைய கடைவீதியை எரித்தது. மறு ஆண்டு, 11ஆம் நூற்றாண்டின் பள்ளிவாசல் மினார் சரிந்தது. 2019இல் அந்தக் கடைவீதியின் ஒரு பகுதியான சகத்தியா கடைத்தெருவைச் சீரமைத்துத் திறந்தார்கள். வியாபாரிகள் திரும்பி வந்து கடை விரித்தார்கள்.