கட்டளை சேராத தசை

காலையில் சரியாக இருக்கும் கண்ணிமை மாலையில் தொங்கிப்போகும். முதல் சில கவளம் எளிதாக இறங்கும். போகப்போக மெல்லவே முடியாது. ஓய்வெடுத்தால் பலம் திரும்பும். மயஸ்தீனியா கிராவிஸ் நோயின் இந்த ஏற்ற இறக்கத்தை அசதி என்றோ மனக்கவலை என்றோ ஒதுக்குவது பெரிய அநியாயம். கோளாறு தசையின் ஒரு புரதத்தில் இருக்கிறது. அதை எண்ணியே காட்டிவிட்டார்கள். நரம்பு நுனி கட்டளையாக வெளிவிடும் அசிட்டைல்கோலினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் தசையின் மேற்பரப்பில் உள்ளன. நம் கட்டுவிரியனின் இனத்தைச் சேர்ந்த, தைவானில் வாழும் ஒரு பாம்பின் நஞ்சிலுள்ள ஒரு பொருள் தசையில் இந்த ஏற்பிகளில் மட்டும் இறுக ஒட்டிக்கொள்ளும். அதைக்கொண்டு 1973இல் ஃபாம்ப்ரோ, டிராக்மன் குழுவினர் நோயாளிகளின் தசையை ஆராய்ந்தபோது, வழக்கமான ஏற்பிகளில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சியிருக்கவில்லை. நரம்பு அடுத்தடுத்துத் தூண்டப்படும்போது அசிட்டைல்கோலின் வரத்து எல்லோருக்கும்தான் குறைகிறது. உபரி ஏற்பிகள் இருப்பதால் மற்றவர்களுக்கு அது தெரிவதில்லை. இவர்களுக்கு அந்த உபரி இல்லை.

ஏற்பிகளை அழிப்பவை உடலின் சொந்த எதிர்ப்பொருள்கள். அதே 1973இல் பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்த, அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிய முயல்கள் இதேபோலத் தளர்ந்தன. நோயுள்ள தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியே சென்று, சில பச்சிளங்குழந்தைகளைச் சில வாரங்கள் தளர வைப்பதும் உண்டு. அப்படியானால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் அதிகமுள்ளவருக்கு நோயும் கடுமையாக இருக்கவேண்டாமா? இருப்பதில்லை. இந்தக் கேள்வி நியாயமானது. விடை தசையில்தான் கிடைக்கிறது. எல்லா எதிர்ப்பொருளும் ஒரேபோல வேலை செய்வதில்லை. சில, இரண்டு ஏற்பிகளைப் பிணைத்து, தசை அவற்றை உள்ளிழுத்துச் சீக்கிரமே சிதைக்கும்படி செய்கின்றன. சில, காம்ப்ளிமென்ட் என்னும் இரத்தப் புரதங்களை ஏவி, ஏற்பிகள் பதிந்த சவ்வையே உடைக்கின்றன. ஆகவே ஒருவரின் பரிசோதனை எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பயப்படுவதில் பொருளில்லை.

ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருளே இல்லாத நோயாளிகளும் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தாக்கப்படுவது மஸ்க் என்ற வேறொரு தசைப் புரதம் என்று 2001இல் தெரியவந்தது. ஏற்பிகளை நரம்பு நுனிக்கு நேரெதிரே திரட்டி வைக்க இப்புரதம் வேண்டும்; அது முடங்கினால் ஏற்பிகள் சிதறிப்போகும். இங்கே எதிர்ப்பொருள் பெரும்பாலும் காம்ப்ளிமென்ட்டை ஏவாத வகை என்பதால், காம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் புதிய மருந்துகளுக்கு இவர்களிடம் வேலையில்லை. வழக்கமான பைரிடோஸ்டிக்மின் மாத்திரையும் பலருக்குச் சரியாகக் கேட்பதில்லை. ரிட்டுக்சிமாப் என்ற மருந்து நன்றாகக் கேட்கிறது. முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக நோயே இல்லை என்று ஒருவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. மஸ்க் பரிசோதனையும், நரம்பை அடுத்தடுத்துத் தூண்டித் தசையின் பதிலைப் பார்க்கும் மின்பரிசோதனையும் செய்தாகவேண்டும்.