மீண்டும் முளைக்கும் நோய்

சூலகத்தில் தோன்றும் புற்றுநோயைப் பற்றி இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயரைக் கேட்டதுமே அஞ்சுவோர் பலர். அஞ்சுவதைவிட அறிந்துகொள்வதே நலம் என்பது என் துணிபு.

இந்நோயின் கொடுமை இரண்டு வகை. ஓசையின்றிப் பரவுவது ஒன்று. ஒழிந்ததென்று எண்ணியிருக்கையில் திரும்புவது மற்றொன்று.

இது எவ்வாறு பரவுகிறது? கட்டியினின்று உதிரும் உயிரணுக்கள் வயிற்றறையின் நீரில் மிதந்து செல்கின்றன. வாய்க்கால் நீரில் வரும் களைவிதை கரையோரம் ஒதுங்கி முளைப்பதில்லையா? அதுபோன்றே இவையும், குடலின் முன்னே திரையெனத் தொங்கும் கொழுப்புப் படலத்தில் ஒதுங்குகின்றன. ஏன் அங்கே? சிகாகோ பல்கலைக்கழகத்து எர்ன்ஸ்ட் லெங்கியல் குழுவினர் 2011-இல் விடை கூறினர். அங்குள்ள கொழுப்பணுக்கள் புற்றணுக்களை ஈர்ப்பதோடு, தம் கொழுப்பையே அவற்றிற்கு உணவாக ஊட்டுகின்றன. இதற்குத் துணைபுரியும் புரதம் ஒன்று இல்லாத எலிகளில் நோயின் வளர்ச்சி பெரிதும் குன்றியது.

இனி, திரும்புவது ஏன்? அறுவையும் பிளாட்டினம் சேர்ந்த மருந்துகளும் நோயை ஒடுக்குகின்றன. ஆயினும், முற்றிய நிலையில் சிகிச்சைக்கு வருவோருள் பெரும்பாலோர்க்கு அது மீள்கிறது. மண்ணுக்குள் ஒரு கோரைக்கிழங்கு எஞ்சினாலும் போதும் என்பதை உழவர் அறிவர்.

எஞ்சியதை அழிக்கும் வழி ஒன்று 2005-இல் புலப்பட்டது. உயிரணு தன் மரபுப்பொருளில் நேரும் பழுதைப் பல வழிகளில் செப்பனிடுகிறது. பி.ஆர்.சி.ஏ. எனும் மரபணு கெட்டுப்போன புற்றணுவிற்கு ஒரு முக்கிய வழி அடைபட்டிருக்கும். 'பார்ப்' என்னும் நொதியையும் மருந்தால் தடுத்துவிட்டால் அது மடியும். நல்ல உயிரணு பிழைத்துக்கொள்ளும். இவ்வகை மருந்தாகிய ஓலாபரிபை, மரபணுக் குறையுள்ள 391 பெண்களிடம் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. மூன்றாண்டு முடிவில், மருந்துண்டவருள் நூற்றுக்கு 60 பேர் நோய் மீண்டும் தலைதூக்காமல் வாழ்ந்தனர். உண்ணாதவருள் 27 பேரே.

இம்மருந்து எல்லோர்க்கும் ஒரேயளவு பயன் தருவதன்று. மரபணுக் குறை உள்ளவர்க்கே மிகுதியும் உதவுகிறது. ஆதலின் மரபணுச் சோதனை இன்றியமையாதது. அது நோயாளியின் மருந்தை முடிவுசெய்வதோடு நிற்பதில்லை. குறை காணப்பட்டால், அவருடைய உடன்பிறந்தாரும் மக்களும் முன்கூட்டியே விழிப்படைய உதவும். அடிவயிற்று வலியும் வயிற்று உப்புசமும் வாரக்கணக்கில் நீடித்தால், நாணத்தாலோ வேலைச் சுமையாலோ பெண்கள் அதை மறைத்தல் ஆகாது. இல்லத்தார் அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஆய்வாளர் தம் கடமையைச் செய்து வருகின்றனர். இது நம் கடமை.