கஞ்சா விவாதமும் தோட்டத்துக் கள்ளுக்கடையும்

"கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா?" என்று விவாதக் கட்டுரைத் தலைப்பு கொடுத்தால், மாணவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் மருந்து, வரி வருமானம்; மறுபக்கம் உடல்நலக் கேடு, சமுதாயச் சீரழிவு. அனுமதித்தால் விற்கப்போவது யார், லாபம் யாருக்கு என்று எழுதுபவர் குறைவு. நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு உதாரணம் வீட்டிலேயே கிடைக்கும். தாத்தா பாட்டியிடம் கள்ளுக்கடையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் இங்கே ரந்தாவ், லாபு, பகாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் பலவும் கம்பெனித் தோட்டங்கள். நிலம் கம்பெனியுடையது, லயம் கம்பெனியுடையது, சம்பளம் போடுவதும் கம்பெனி. தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு உரிமம் பெற்றதும் அதே நிர்வாகம்தான். கள் சட்டப்படி விற்ற பொருள். அரசாங்கத்துக்கும் அதில் வருமானம். காலையில் பால் மரம் வெட்டிச் சம்பாதித்த காசில் ஒரு பங்கு சாயங்காலமே தோட்டத்துக்குள் திரும்பிவிடும். கடையை மூடினால் ஆட்கள் திருட்டுச் சாராயம் குடித்துச் சாவார்கள் என்பது கடையை ஆதரித்தவர்களின் வாதம். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. பின்னாளில் சம்சு எத்தனை குடும்பத்தைக் கெடுத்தது என்று நமக்கே தெரியும். ஆனால் கடை ஓட வேண்டும் என்ற தரப்பின் கையில்தான் உரிமமும் இருந்தது. அதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

இன்னொன்று. கூட்டு மலாய் மாநிலங்களில் தோட்டக் கள்ளுக்கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நலனுக்கான பணம் வேண்டுமென்றால் குடி நடக்க வேண்டுமே! அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2012இல் கஞ்சாவை அனுமதித்தபோதும் இதே மாதிரி ஒரு வாக்குறுதி இருந்தது: ஆண்டுதோறும் கிடைக்கும் கலால் வரியில் முதல் 4 கோடி டாலர் பள்ளிக் கட்டடங்களுக்கு. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் யார் எதிர்ப்பார்?

இன்று அந்த வியாபாரத்துக்குள் வந்திருப்பவர்களைப் பாருங்கள். மார்ல்போரோ சிகரெட் கம்பெனியான ஆல்ட்ரியா, குரோனோஸ் என்ற கனடா கஞ்சா நிறுவனத்தில் 45 விழுக்காட்டுப் பங்குக்கு 180 கோடி அமெரிக்க டாலர் போடுவதாக 2018இல் அறிவித்தது. அதே ஆண்டில் மதுபான நிறுவனமான கான்ஸ்டலேஷன் பிராண்ட்ஸ், கேனப்பி குரோத் நிறுவனத்தில் சுமார் 400 கோடி டாலர் போட முன்வந்தது. ஓஹாயோ கதை இன்னும் பச்சை. 2015இல் அங்கே வாக்கெடுப்புக்கு வந்த திட்டப்படி, வணிகத்துக்குக் கஞ்சா பயிரிட 10 இடங்களுக்கு மட்டுமே உரிமை. அந்த 10 இடங்களும் பிரசாரத்துக்குப் பணம் போட்ட முதலீட்டாளர்களுடையவை! மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். 2023இல் அந்தப் 10 பேர் ஏற்பாடு இல்லாத வேறொரு திட்டம் வந்தது. அதை அதே மாநில மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

நம் தோட்டத்து மக்களிடம் யாரும் வாக்குச்சீட்டு நீட்டவில்லை. அவர்கள் வேலையை நிறுத்தித்தான் பேச வேண்டியிருந்தது. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டாரப் போராட்டத்தின் கோரிக்கைகளில் சம்பளம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவ வசதி இவற்றோடு கள்ளுக்கடையை மூடுவதும் ஒன்று. துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் எதிர்த்தார்கள். போராட்டம் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. படை வந்தது, சுடப்பட்டு 5 பேர் இறந்தார்கள். போருக்குப் பின் கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடை வாசலிலேயே மறியல் செய்தது. குடியை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் குடித்தவர்களின் சொந்தங்களும் இருந்தார்கள் என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

தேர்வு எழுதுவோர் நம் நாட்டுச் சட்டத்தையும் சரியாக எழுத வேண்டும். 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டப்படி 200 கிராம் அல்லது அதற்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். 2023இல் மரண தண்டனையே போய்விட்டது என்று பலர் எழுதுகிறார்கள். போனது 'கட்டாய' என்ற சொல் மட்டும்தான். மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் இன்னும் நீதிபதியிடம் இருக்கிறது.