ஒரு கணினி, நான்கு நாற்காலி

பருவ விடுமுறைக்குச் சுங்கை சிப்புட் வீட்டுக்குப் போயிருந்தபோது, அண்ணனின் பழைய புத்தகங்களுக்கு நடுவே ஒரு சிடி கிடைத்தது. பசார் மாலாமில் அப்பா வாங்கித் தந்த கணித விளையாட்டு. மேலே பறக்கும் பலூன்களில் சரியான விடை எழுதியதை வெடிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் நாங்கள் உயிரை விட்டது இதற்காகத்தான்.

நான் பள்ளிக்குப் போன காலத்தில் தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாதிக் குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்திருந்தன. கணினிக்கூடத்தில் ஒரு கணினிக்கு நான்கு பேர். ஒருவன் மவுஸைப் பிடிப்பான். ஒருத்தி வாய்ப்பாடு சொல்வாள். ஒருவன் நேரம் பார்ப்பான். "டேய், அது ஐம்பத்தாறுடா!" என்று கத்துவது என் வேலை. ஆசிரியை நடுவில் விளையாட்டை நிறுத்தி, "ஐம்பத்தாறு எப்படி வந்துச்சு?" என்று கேட்பார். சொல்லாவிட்டால் அடுத்த பலூன் கிடையாது.

ஈப்போவில் சித்தப்பாவின் பழைய கணினியில் அந்தச் சிடியை ஓட்டிப் பார்த்தேன். பத்தே நிமிடத்தில் சலித்துவிட்டது. கணக்கே போடாமல் கண்ட பலூனைக் குத்தினாலும் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இதையா அப்படிக் கொண்டாடினோம்?

கல்வி விளையாட்டுகளின் தாத்தா என்று 'ஆரிகன் டிரெயில்' விளையாட்டைச் சொல்லலாம். 1971இல் அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் டான் ராவிட்ஷ் என்ற பயிற்சி ஆசிரியர், மக்கள் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த வரலாற்றை எட்டாம் வகுப்புக்கு நடத்த ஒரு பலகை விளையாட்டைத் தயாரித்துக்கொண்டிருந்தார். உடன் தங்கியிருந்த பில் ஹைனமனும் பால் டில்லன்பர்கரும் அதைச் சுமார் இரண்டு வாரத்தில் கணினி நிரலாக்கிக் கொடுத்தார்கள். திரை கிடையாது, தட்டச்சுப் பொறி விடைகளைக் காகிதத்தில் அச்சடிக்கும். வேட்டையாட 'பேங்' என்று வேகமாகத் தட்ட வேண்டும். இருந்தது ஒரே பொறி என்பதால் மாணவர்கள் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கை வேகமுள்ளவன் சுட்டான். மற்றவர்கள் வரைபடத்தையும் செலவுக் கணக்கையும் பார்த்தார்கள். எங்கள் தோட்டப் பள்ளிக் கதையேதான்!

ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே தவறான முடிவெடுத்தால் வழியில் உணவு தீரும், நோய் வரும். தோற்பதே பாடம். 1974க்குப் பிறகு ராவிட்ஷ், குடியேறிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, அந்தப் பயணத்தில் எது எந்த அளவு நேரக்கூடும் என்பதையும் திருத்தினார். எங்கள் பலூனில் அப்படி எதுவும் இல்லை. ஆசிரியையின் அந்த ஒரு கேள்விதான் இருந்தது.

நம் நாட்டில் பெரும்பாலும் பெயர் முதலில் வந்துவிடுகிறது. 1997இல் விவேகப் பள்ளித் திட்டம். 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது மடிக்கணினியும் எல்சிடி புரொஜெக்டரும். 2011இல் ஒப்பந்தமான ஒன் பெஸ்தாரிநெட், சுமார் 10,000 பள்ளிகளுக்கு இணையத்தையும் மெய்நிகர் கற்றல் தளத்தையும் தருவதாக இருந்தது. 2013க்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, அத்தளத்தைப் பயன்படுத்தியோர் மிகக் குறைவு என்றது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. 2024இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவுப் புலம், அதே ஆண்டு டிசம்பரில் தேசியச் செயற்கை நுண்ணறிவு அலுவலகம். வகுப்பறையே மாறப்போகிறது என்று தினமும் ஒரு செய்தி வருகிறது. மாறலாம். நானும் கட்டுரை எழுதும்போது அதைக் கேட்கிறவன்தான். ஆனால் ஒரு கருவிக்கு எத்தனை பிள்ளைகள், பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று அந்தச் செய்திகளில் தேடினால் கிடைப்பதில்லை.

அன்று மாலை சித்தப்பா மகள் கைப்பேசியில் பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தாள். ஆறாம் ஆண்டு. விடை சரி.

"எப்படி வந்துச்சு?" என்றேன்.

"இதுதான் சொல்லுச்சு, அண்ணே" என்று கைப்பேசியை என் பக்கம் திருப்பினாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.