அது என் பையனுங்க!

என் அக்கா மகன் பதினைந்து வயதில், கூடா நட்பால் ஒரு வண்டித் திருட்டில் மாட்டிக்கொண்டான். அக்காவும் மாமாவும் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் வரை பார்ப்பவர்கள். "எங்கே போனே, சாப்பிட்டியா?" என்று கேட்க வீட்டில் ஆளில்லை. மாமாவோ, "இனி அவன் என் பிள்ளையே இல்லை" என்றார்.

இளைஞர் நீதிக் குழுமத்தில்தான் எங்களுக்கு விவரம் புரிந்தது. 2015-ம் ஆண்டு சட்டப்படி, பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழிதான். கண்டித்து, பெற்றோருக்கும் ஆலோசனை சொல்லி வீட்டுக்கே அனுப்பலாம். இவன் வயதுப் பிள்ளைக்கு அந்த வழக்கு பின்னால் வேலைக்கும் தடையாகாது.

வீட்டுக்கு வந்தான். அக்கா இரவு ஷிப்ட்டை விட்டாள். ஆனால் ஒரு சீர் வீட்டில், அவன் காதுபட உறவுக்காரப் பெண்மணி ஒருவர், "பர்ஸைப் பத்திரமா வெச்சுக்குங்க" என்றார். பையன் பந்தியிலிருந்து எழுந்துவிட்டான். மாமா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்து, "அது என் பையனுங்க. ஏதாச்சும் காணோம்னா என்னைக் கேளுங்க" என்றார். அன்றைக்குத்தான் பையன் வாய்விட்டு அழுதான். இப்போது ஐ.டி.ஐ.யில் படிக்கிறான்.

முதலை விழுங்கிய பாலகனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டுத் தந்த ஊர் எங்கள் அவிநாசி. தோழிகளே, மீண்டு வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்தி வைக்கலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, அவிநாசி.