ஒரே இனம், இரண்டு நிறம்

தருமபுரி மாவட்டத்திலுள்ள ஒகேனக்கல்லுக்குச் சென்றால், அருவியைப் பார்த்தவுடன் திரும்பிவிடாதீர்கள். குளிர்கால மாதங்களில் காவிரிக் கரையில், நீர்மருது மரங்களின் நிழலில் சிறிது நேரம் அசையாமல் நில்லுங்கள். கரிய தலையும் கொண்டையும் உடைய ஒரு வெள்ளைப் பறவை, நாடா போன்ற நீண்ட வாலுடன் கிளைவிட்டுக் கிளை பறப்பதைக் காணும் வாய்ப்பு உண்டு. வேறோர் இடத்தில் அதே வடிவம், அதே கரிய தலை, அதே நீண்ட வால்; ஆனால் உடலும் வாலும் செம்பழுப்பு நிறம்! இவை இரு வேறு இனங்களா?

அல்ல. இரண்டும் 'அரசவால் ஈப்பிடிப்பான்' என்னும் ஒரே இனத்தின் ஆண் பறவைகளே. பெண் பறவை செம்பழுப்பு நிறமும் குட்டை வாலும் உடையது. இளம் ஆணும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். வளர்ந்த ஆணுக்கு வாலின் நடு இறகுகள் இரண்டும் உடலைவிட நீண்டு தொங்கும்.

இதன் உணவு பூச்சிகள். நிழலான கிளையில் காத்திருந்து, ஈயோ அந்தோ பறந்து வந்தால் பாய்ந்து பிடிக்கும். அகன்ற அலகும் அதன் அடியிலுள்ள விறைப்பான மயிர்களும் இதற்கு ஏற்றவை. சிலந்தி நூலால் பிணைத்த கிண்ணம் போன்ற கூட்டில் ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

சரி, வெள்ளை நிறம் எங்கிருந்து வந்தது? செம்பழுப்புக்குக் காரணம் மெலனின் என்னும் நிறமி. வெள்ளை இறகிலோ நிறமி எதுவும் இல்லை! இறகு, நம் நகத்தைப் போலக் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதனுள் நுண்ணிய காற்றறைகள் உள்ளன. கெரட்டினும் காற்றும் சந்திக்கும் எண்ணற்ற பரப்புகளில் ஒளி பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. எல்லா நிறங்களும் ஒருசேரச் சிதறுவதால் கண்ணுக்கு வெண்மை தெரிகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். தெளிந்த கற்கண்டைப் பொடித்தால் வெள்ளைத் தூளாகும். பொருள் மாறவில்லை, பரப்புகள்தாம் பெருகின. நிறமற்ற காவிரி நீர் அருவியில் விழும்போது வெண்ணுரையாவதும் இதனால்தான்.

கரையோர மரங்களை வெட்டினால் நிழல் போகும். நிழலில் வாழும் பூச்சிகள் குறையும். அவற்றை நம்பிய பறவையும் வராது. ஆகவே மரங்களைக் காப்போம். கூட்டைக் கண்டால் நெருங்காமல் தொலைவிலிருந்தே பாருங்கள். எந்த நிற ஆணை, எந்த மாதத்தில், எந்த மரத்தில் கண்டீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அறிவியல் அங்கேதான் தொடங்குகிறது.