கண்ணாடிப் பை யார் மடியில் இருக்கிறது?

“அப்பாவுக்கு அடுத்த வாரம் பைபாஸ். ஆபரேஷனுக்குப் பிறகு சிலருக்குப் புத்தி தடுமாறும் என்கிறார்களே, முன்கூட்டியே மாத்திரை கேட்கலாமா?” இந்த மாதம் வந்த கடிதங்களில் இதே கேள்வி பல கையெழுத்துகளில் இருக்கிறது. தேதி குறித்துவிட்டவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. நம்பிக் கொடுக்க அப்படியொரு மாத்திரை இன்றைக்கு இல்லை. இதய ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 800 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் டெக்ஸ்மெடெடோமிடின் என்ற மருந்தும் கைகொடுக்கவில்லை. 2020-இல் முடிவு வெளியானது.

இந்தப் புத்தித் தடுமாற்றத்துக்கு டெலீரியம் என்று பெயர். அதைத் ‘தற்காலிகக் குழப்பம்’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தத் ‘தற்காலிக’த்தை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள்: இதய ஆபரேஷன் முடிந்த, 60 வயதை எட்டிய 225 பேரில் 46 சதவீதத்தினருக்கு டெலீரியம். அவர்களில் 40 சதவீதம் பேர் ஆறு மாதம் கழித்தும் பழைய அறிவுத்திறனுக்குத் திரும்பவில்லை. டெலீரியம் வராதவர்களில் இது 24 சதவீதம்.

தியேட்டருக்குள் போகும்முன் கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பையில் போட்டு வீட்டாரிடம் கொடுப்பார்கள். அது அவசியம்தான். ஆனால் நோயாளி கண்விழித்த பிறகும் பை வெளியே மகளின் மடியிலேயே இருக்கிறதே, அதுதான் என்னை உறுத்துகிறது. உள்ளே இரவும் பகலும் ஒரே ட்யூப்லைட். மயக்க மருந்து, வலி, தூக்கமின்மை, ஆபரேஷன் கிளப்பிவிட்ட அழற்சி என்று மூளை ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது. கண்ணும் காதும் பாதிச் செய்திதான் தருகின்றன. மீதியை மூளை தானே இட்டு நிரப்புகிறது. திரைச்சீலை ஆளாக நிற்கிறது. நர்ஸ் கையிலுள்ள ஊசி கத்தியாகிறது.

இந்தச் சங்கிலியை உடைக்க முடியும் என்று காட்டியவர் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த டாக்டர் ஷாரன் இனோயே. 70 வயதைத் தொட்ட 852 பேரிடம் நடத்திய ஆய்வை 1999-இல் வெளியிட்டார். கண்ணாடியும் காது மெஷினும் திரும்பக் கிடைத்தன. ‘இன்று என்ன கிழமை’ என்று பேச்சுக் கொடுத்தார்கள், நடக்கவைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், இரவில் தூக்க மாத்திரைக்குப் பதில் வெதுவெதுப்பான பால், முதுகு நீவல். வழக்கமான கவனிப்பில் 15 சதவீதமாக இருந்த டெலீரியம், இந்தக் கவனிப்பில் 9.9 சதவீதமாக இருந்தது. இவர்கள் பொது மருத்துவ நோயாளிகள், இதய ஆபரேஷன் ஆனவர்கள் அல்லர். அதையும் மனதில் வையுங்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. டெலீரியம் வந்துவிட்டவர்களுக்கு இத்தனையும் செய்தும் அதன் கடுமை குறையவில்லை. ஆகவே கண்விழித்த அன்றே, “கண்ணாடியை எப்போது போட்டுவிடுவீர்கள்?” என்று கேளுங்கள்.

இனி, நீங்கள் கேட்கும் மற்ற கேள்விகள். வீட்டார் கூடவே இருந்தால் டெலீரியம் வராதா? பிரேசிலில் 36 ஐசியுக்களில் 12 மணி நேரம்வரை அனுமதித்துப் பார்த்தார்கள். வீட்டாரின் பதற்றம் தணிந்தது, டெலீரியம் குறிப்பிடும்படி குறையவில்லை.

காதடைப்பான்? இரவில் மட்டும், நர்ஸிடம் கேட்டுக்கொண்டு.

பிரகாசமான பகல்வெளிச்ச விளக்கு? நெதர்லாந்தில் 700-க்கும் மேற்பட்டோரிடம் முயன்றும் பலனில்லை.

எழுந்து உட்காரலாமா? டாக்டர் சரி சொன்ன முதல் வேளையே.

குடிப்பழக்கம் உண்டு, சொல்லவேண்டுமா? ஆபரேஷனுக்கு முன்பே, அளவை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். குடி திடீரென நின்றதால் வரும் குழப்பத்துக்கு வேறு சிகிச்சை வேண்டும்.

கத்தவில்லை, சும்மா தூங்கிக்கொண்டே இருக்கிறார்? அதுவும் டெலீரியமாக இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.